எல்லாருக்கும்னா எத்தனை கிலோ?

“முதல் அநீதி,” என்றார் கோட்டைச்சாமி, “சங்கத்தோட முப்பதாம் ஆண்டு விழா நோட்டீஸ். அதுல என் பேர் இல்ல. ‘மூத்த தோழர்கள் பலர்’னு போட்டிருக்கான். அந்தப் பலர்ல நான் ஒருத்தன்.”

ரெக்ஸ்லின் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவது, அதே விழா. நான் எழுதுன முழக்கத்த, நேத்து மீசை முளைச்ச ஒருத்தன் தன்னோடதுன்னு மேடையில போடுறான். ஜனம் கை தட்டுது. நானும் தட்டுறேன்.”

“ம்.”

“மூணாவது, டாக்டர். முழங்கால் தேஞ்சு போச்சாம். இனிமே ஊர்வலத்துல நடக்காதீங்க, தண்ணியில நடங்கன்னுட்டார். தண்ணியில எவன் ஊர்வலம் போறான்?”

“ம்.”

“நாலாவது, டவுன் நீச்சல் குளம். போனா வாசல்ல போர்டு வச்சிருக்கான், ‘முதியோர் நேரம்’னு. திரும்பி வந்துட்டேன்.”

“அஞ்சாவது?”

“அஞ்சாவது நீங்க. பஸ்ல போய்க்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தா உங்க ஆளுங்க தண்ணியத் தொடாம தண்ணி மேல பறக்குறாங்க. ஒரு சத்தம் இல்ல. நாங்க நாப்பது வருசம் கத்தி ஒரு அடி மேல வரல. நீங்க கத்தாம ரெண்டடி மேல போறீங்க. இது அநீதி இல்லையா?”

வரிசை முடிந்தது. வரிசை குலையாமல் பேசுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. வக்கீல் வைக்காமல் தானே வாதாடிய வழக்கில் நீதிபதியே சுவாரசியப்பட்டு “அடுத்தது?” என்று கேட்டிருக்கிறார்.

ரெக்ஸ்லினும் ஒன்று கேட்டாள்.

“எடை எவ்வளவுங்கய்யா?”

*

கோட்டைச்சாமி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

முதலாளிகள் அவரை மிரட்டியிருக்கிறார்கள். அதிகாரிகள் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொந்தச் சங்கம் மாலை போட்டு மூலையில் உட்கார வைத்திருக்கிறது. எடையை யாரும் கேட்டதில்லை.

“எண்பத்தெட்டு.”

“தண்ணின்னா பயமா?”

“உப்பளத்துல பொறந்தவனுக்குத் தண்ணியில என்ன பயம்?”

“உப்பளத்துல தண்ணி கணுக்கால் வரைக்கும்தானேங்கய்யா.”

“நீச்சல் தெரியும்!”

“அப்ப வாங்க. இறக்கை எடுக்கலாம்.”

பாசிமுனை, கடலுக்குள் நீட்டிய ஒல்லியான விரல் மாதிரி இருக்கும். நடுவில் ஒரே ஒரு ரோடு. ரோட்டுக்குத் தெற்கே ஆண்கடல், அலை ஓயாது. வடக்கே பெண்கடல், பெரும்பாலும் தாம்பாளம் போலக் கிடக்கும். இரண்டுக்கும் பொதுவாக, ரோட்டோரத்தில் ரெக்ஸ்லினின் கீற்றுக் கொட்டகை. சங்கு குளிக்கிற வீட்டில் பிறந்தவள். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. அவளிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள்.

அவள் சொல்லிக் கொடுப்பது இதுதான். மிதக்கிற பலகைக்கு அடியில் இடுப்பளவு நீளத்துக்கு ஒரு கம்பம். கம்பத்தின் அடியில், சின்ன விமானம் போல, முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சிறியது. வேகம் பிடித்தால் முன் இறக்கை தண்ணீருக்குள் எழும்பும். மேலே பலகையும் ஆளும் காற்றில் நிற்பார்கள். வேகத்தைப் படகு கொடுக்கலாம். அலை கொடுக்கலாம். கையில் பிடிக்கிற காற்றடைத்த பாய் கொடுக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் காலாலேயே பலகையை மிதித்து மிதித்துக் கொடுக்கலாம்.

கொட்டகையில் சவுக்குக் கம்பு கட்டி, முன் இறக்கைகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். பரப்பளவுதான் ஒவ்வொன்றுக்கும் பேர். எழுநூறு, எண்ணூறு, ஆயிரத்து நூறு, ஆயிரத்து முந்நூறு. கடைசியில் கனமான, உருண்டையான இரண்டாயிரங்கள்.

கோட்டைச்சாமி ஒரு தரம்தான் பார்த்தார்.

“இது.”

எண்ணூறு. மெலிந்து, நீண்டு, கத்தி போல மின்னியது.

“ஏன்?”

“கூர்மையா இருக்கு. போராடுறவனுக்குக் கூர்மை வேணும்.”

ரெக்ஸ்லின் இறக்கையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“வாங்க, எண்ணூறு ஐயா.”

“என் பேரு கோட்டைச்சாமி. உப்பளம் சாத்தையா மகன் கோட்டைச்சாமி.”

“நல்ல பேருங்கய்யா,” என்று சொல்லிவிட்டு அவள் கடலைப் பார்க்க நடந்தாள்.

*

விளக்கம் சொன்னது ஞானமுத்து. லாரி டிரைவர். நூற்றுப் பத்து கிலோ.

“நான் ரெண்டாயிரம். அந்தா, படகுல ஏறுறாரே, ஜவுளிக்கடை பரக்கத்துல்லா, அவரு எழுநூறு. ஆண்கடல் பக்கம் நிக்கிறது நர்ஸ் குணவதி, ஆயிரத்து முந்நூறு. எடுத்த இறக்கைதாண்ணே இங்க பேரு.”

“எதுவரைக்கும்?”

“டீச்சருக்கு இறக்கை எடுத்துக் குடுக்குற வரைக்கும்.”

பாசிமுனையில் சான்றிதழ் கிடையாது. என்றைக்காவது ஒரு நாள் ரெக்ஸ்லின் ஒருவரிடம் வந்து, ‘இன்னைக்கு எனக்கு எது?’ என்று கேட்பாள். அவர் எடுத்துக் கொடுக்கிற இறக்கையை மாட்டிக்கொண்டு பெண்கடலில் மணல்திட்டு வரை போய்த் திரும்புவாள். ஹெல்மெட்டுக்குள் ஒரு தீப்பெட்டி இருக்கும். விழாமல் வந்தால் குச்சி பற்றும். பற்றினால் கரையில் அடுப்பு எரியும், டீ கொதிக்கும், நிற்கிறவர்களைச் சாட்சி வைத்து, இறக்கை கொடுத்தவர் பேரை மூன்று தரம் வாசிப்பார்கள்.

குச்சி நமுத்துவிட்டால் மறுபடியும் நம்பர்தான்.

மூன்று தரம் என்றதும் கோட்டைச்சாமி நிமிர்ந்தார்.

கோர்ட்டு வராந்தாவில் டவாலி அப்படித்தான் கூப்பிடுவார். குற்றவாளியாகத்தான் கூப்பிட்டார்கள், ஆனாலும் முழுப் பேர், அப்பா பேரோடு, ஊரே கேட்கும்படி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ‘ஆஜர்!’ என்று உள்ளே போவார். இப்போது வழக்குகள் முடிந்துவிட்டன. கூப்பிட யாரும் இல்லை. சங்கங்கள் ஆட்களை நீக்குவதில்லை. நோட்டீசில் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகும், ஒரு வருஷம் எழுத்தே இருக்காது.

“ஞானமுத்து, அந்தப் பேரு வாசிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குமா?”

“ரெண்டு கடலுக்கும் கேக்கும்ணே.”

“அது போதும்,” என்றார் கோட்டைச்சாமி.

*

எண்ணூறு அவரைத் தூக்கவில்லை.

கைப்பாயைப் பிடித்துக்கொண்டு, பலகையில் நின்று, பெண்கடல் முழுக்க உழுதார். பலகை சேற்றில் இறங்கிய வண்டி போல நகர்ந்தது. எப்போதாவது ஒரு பெருங்காற்று வரும். விருட்டென்று எழும்புவார். ‘பாத்தீங்களா!’ என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் காற்று இறங்கும். இறக்கை கைவிட்டுவிடும். வாய் திறந்தபடியே விழுவார்.

உப்புத் தண்ணீர் அவருக்குப் புதிதில்லை. இவ்வளவு குடித்ததுதான் புதிது.

“டீச்சர் தோழர்,” என்றார் ஒரு நாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. “நான் எதுல குறை வச்சேன்? எவ்வளவு அமுக்குறேன் தெரியுமா?”

“பஸ்ல போறப்ப ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டிப் பாத்திருக்கீங்களா?”

“போலீஸ் வேன்ல நீட்டியிருக்கேன்.”

“கை தானாத் தூக்குமே?”

“தூக்கும்.”

“வேன் மெதுவாப் போனா?”

“விழுந்துரும்.”

“உள்ளங்கைய விரிச்சு வச்சா?”

“மெதுவாப் போனாலும் கொஞ்சம் நிக்கும்.”

“விரலை மட்டும் நீட்டுனா?”

“வேன் பறக்கணும்.”

ரெக்ஸ்லின் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

“விளங்குச்சாண்ணே?” என்றார் ஞானமுத்து.

“விளங்காம என்ன? கடலு பஸ்ஸு இல்ல. அதான் சொல்ல வர்றாங்க.”

மறுநாளும் எண்ணூறைத்தான் எடுத்தார்.

*

ஒரு காலையில் ரெக்ஸ்லின் அவர் பலகையைத் தானே தண்ணீருக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

“அடியில பாக்காதீங்க. மணல்திட்டப் பாருங்க. அமுக்காதீங்க.”

காற்று பெரிதாக இல்லை. கைப்பாயை உயர்த்தினார். பலகை நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தபோது, காதில் ஏதோ ஒன்று நின்றுபோனது.

பலகை தண்ணீரை அறைகிற சத்தம்தான் நின்றிருக்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவரைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் கடல்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ஒரு திருக்கை மணலை உதறிவிட்டு, ஊர்வலத்துக்கு ஒதுங்கி வழிவிடுகிற ஆள் மாதிரி ஒதுங்கிப் போனது.

இப்படி ஒரு நேரத்தில் முழக்கம் போடாமல் இருக்க முடியுமா? வாயைத் திறந்தார். நாற்பது வருஷமாக வாயில் இருந்த ஒன்றும் வரவில்லை.

“ஹேய்…” என்றுதான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அறுபத்தொரு வயது மனிதர், ஒரு கடலின் நடுவில், யாரையும் எதிர்க்காமல் சிரித்துக்கொண்டே போனார்.

கரையில் வந்து இறங்கினார்.

“எது மாட்டுனீங்க?” என்றார் ரெக்ஸ்லினிடம்.

“பறந்தீங்களா?”

“பறந்தேன்.”

“முழங்கால்?”

“அதக் கூட்டிட்டுப் போனதே மறந்துபோச்சு.”

பலகையைப் புரட்டிப் பார்த்தார். உருண்டையான, கனமான, அவர் திரும்பியே பார்க்காத இரண்டாயிரம்.

கோட்டைச்சாமி வெட்கப்பட்டார். ஆனால் அது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். கர்வம் உள்ளவர்கள் தோற்றால் திருந்துவதில்லை, கட்சி மாறுவார்கள். ‘சின்ன ரெண்டாயிரம் ஐயா, துண்டு போடுங்க, குளிரும்’ என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் டவுனுக்குப் போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திவிட்டார்.

*

ரோஸ் நிறத் தாளில் நோட்டீஸ் வந்தது.

‘அனைவருக்கும் இரண்டாயிரம்! நீரின் மேல் ஏன் ஏற்றத்தாழ்வு? ஒருவருக்கு எழுநூறு, ஒருவருக்கு இரண்டாயிரமா? பத்து விதமாகச் செய்து பத்து முறை விற்கும் வியாபாரச் சூழ்ச்சியை உணர்வீர்! எல்லோரையும் தூக்கும் இறக்கை ஒன்று இருக்க, மற்றவை எதற்கு?’

நோட்டீஸ் நன்றாகத்தான் இருந்தது. அவர் எழுதியது என்றைக்குமே நன்றாக இல்லாமல் போனதில்லை. பரக்கத்துல்லா இரண்டு தரம் படித்தார். குணவதி, “வார்டுல எல்லாருக்கும் ஒரே கஞ்சின்னு சொல்ற மாதிரி இருக்கே,” என்றாள். ஆனாலும் கோட்டைச்சாமி பேசப் பேச, ஆளுக்கொரு இரண்டாயிரத்தை இறக்கினார்கள். தொடக்கக்காரர்களுக்காக வைத்திருந்த நாலும் காலி.

ரெக்ஸ்லின் நோட்டீஸை வாங்கிப் படித்தாள்.

“சரி,” என்றாள். நாலையும் தானே முடுக்கிக் கொடுத்தாள்.

முதலில் பரக்கத்துல்லா. அறுபது கிலோ மனிதர். படகு இழுத்தது. அந்த வேகத்துக்கு இரண்டாயிரம் அவரைத் தூக்கிற்று; தூக்கியதோடு நிற்காமல் இறக்கையே தண்ணீரை விட்டு வெளியே வந்தது. ஜவுளிக்கடை முதலாளி ஒரு கணம் வானத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு உட்கார்ந்தபடியே இறங்கினார்.

அடுத்தது ஆண்கடலில் குணவதி. அலை வந்தது, ஏறினாள், இடது பக்கம் சாய்ந்தாள். இறக்கை வளையவில்லை. வலது பக்கம் சாய்ந்தாள். அதற்கும் வளையவில்லை. தண்டவாளத்தில் போகிறது மாதிரி நேரே கரைக்கு வந்து, மணலில் முட்டி, காயப் போட்டிருந்த நெத்திலிக்குள் விழுந்தாள்.

“ஐயா!” என்று அங்கிருந்தே கத்தினாள். “உங்க சமத்துவத்துல மீன் நாத்தம் அடிக்குது!”

ஞானமுத்து ஒருவர் மட்டும் பெண்கடலில் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தார். “நோட்டீஸ் வாழ்க!” என்று கை தூக்கிக் காட்டினார்.

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நெத்திலிக்காரி சிரிக்கவில்லை. கோட்டைச்சாமியும் சிரிக்கவில்லை.

ரெக்ஸ்லின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ரோஸ் தாள்.

“இது யாருக்கு எழுதுனது?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும்னா எத்தனை கிலோ?”

*

அதன் பிறகு அவர் கொஞ்ச நாள் தண்ணீரில் இறங்கவில்லை. அவள் இறக்கவில்லை.

“இனிமே இறக்கை குடுக்குறது நீங்கதான்,” என்று சவுக்குக் கம்புக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டாள். “ஆனா பேசக் கூடாது.”

“பேசாம எப்படி?”

“கேக்கலாம்.”

“கேக்குறதும் பேசுறதுதானே, டீச்சர் தோழர்?”

“கேட்டுட்டு வாய மூடுனா, கேக்குறது. மூடலைன்னா பேசுறது.”

பாசிமுனையில் அவ்வளவு கடுமையான தண்டனையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் அவர் முகம் வீங்கிப்போயிருந்தது.

“நேத்து ஏன் விழுந்தே? மறைக்காமச் சொல்லு!” என்றார் குணவதியிடம்.

“ஐயா, இது ஸ்டேஷன் இல்ல.”

இன்னொரு தரம் முயன்றார். “சரி… அலையில ஏறி உனக்கு என்னம்மா பண்ணணும்?”

அவள் யோசித்தாள். “ஆஸ்பத்திரியில நாள் பூரா நேர் வராந்தாய்யா. அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி. இங்க வந்தா எனக்கு வளையணும்.”

கோட்டைச்சாமி வாயைத் திறந்தார், மூடினார். எழுந்து, நீளம் குறைந்த ஆயிரத்து முந்நூறை எடுத்து, கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவள் தினமும் எடுக்கிறதுதான். ஏன் எடுக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் அலையின் முதுகில் வளைந்து வளைந்து எழுதுவதை ஸ்டூலில் இருந்து பார்த்தார்.

“தம்பிக்கு என்ன வேணும்?” என்றார் பரக்கத்துல்லாவிடம்.

பரக்கத்துல்லா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு உசரம்னா பயம். வீட்டுல கரையில நின்னு வீடியோ எடுக்குறாங்க. கொஞ்சமா மேல வந்து நேரா நின்னாப் போதும்.”

வேகம்தான் படகு கொடுக்கிறதே. எழுநூறு போதும், வாரித் தூக்காது. எடுத்துக் கொடுத்தார். வீடியோவில் பரக்கத்துல்லா மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

காற்றும் இல்லாமல் அலையும் இல்லாமல், மரப்பாலத்திலிருந்து பலகையோடு குதித்து, காலாலேயே மிதித்துப் பறக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு எது? கேட்டார். “மிதிச்சு மிதிச்சு மூச்சு போகுது, ஒரு மிதிக்கு ரொம்ப தூரம் வழுக்கணும்,” என்றார்கள். நீளமாக, அகலம் இல்லாமல், அதே சமயம் சிறுத்தும் போகாத ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, நோட்டீஸ் யோசனையா?” என்றார் ஞானமுத்து.

“இல்ல. உனக்கு ஊர்ல எத்தனை புள்ளைங்க? கேக்கவே இல்லையே.”

சாயங்காலங்களில் இறக்கைகளைக் கழுவித் துடைப்பதும் அவர் வேலை. பெண்கடலில் போய்வந்த எல்லாவற்றிலும் கடல்புல் ஈரக் கயிறாகச் சுற்றியிருக்கும். பிய்த்துப் பிய்த்து விரல் சுருங்கிவிடும். குணவதி ஒரு நாள் பெண்கடலில் விளையாட்டாகப் போட்டுப் பார்த்த ஆயிரத்து நூறு மட்டும் சுத்தமாக வந்தது. கீறல் விழுந்த பழைய இறக்கை. இரண்டு நுனியும் வவ்வால் மாதிரி பின்னால் மடங்கியிருக்கும். அழகில்லை என்று யாரும் தொடுவதில்லை. கோட்டைச்சாமி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கம்பின் கடைசியில் மாட்டினார்.

*

ராத்திரி பூரா அடித்த கச்சான் காற்று அரைகுறையாக ஓய்ந்திருந்த ஒரு காலை. ரெக்ஸ்லின் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றாள். தலையில் ஹெல்மெட். கையில் புதுத் தீப்பெட்டி.

“சின்ன ரெண்டாயிரம் ஐயா. இன்னைக்கு எனக்கு எது?”

பரக்கத்துல்லா மெல்லக் கையை நீட்டி எண்ணூறைக் கொக்கியிலிருந்து எடுத்தார். டீச்சர் கை தேர்ந்தவள், உடம்போ இறகு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணாலேயே கோட்டைச்சாமிக்குச் சாடை காட்டினார்.

கோட்டைச்சாமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“எடை எவ்வளவுங்கம்மா?”

“அம்பத்திரெண்டு.”

“கைப்பாயா?”

“ஆமா.”

“காத்து?”

“போறப்ப முதுகுல. வர்றப்ப மூஞ்சியில.”

“அவசரமாப் போகணுமா?”

“அவசரம் இல்ல. வந்து சேரணும்.”

அவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பெண்கடல் ஓரம் நடந்தார். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்தார். கையை உதறவில்லை. திரும்பி வந்து சவுக்குக் கம்பின் கடைசிக்குப் போனார்.

வவ்வாலை எடுத்தார்.

“ஐயோ, அதுவாண்ணே?” என்றார் ஞானமுத்து. “உங்க பேரு போயிரும்ணே.”

“ஏன் இது?” என்று ரெக்ஸ்லின் கேட்டாள்.

கோட்டைச்சாமி வாயைத் திறந்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரு நோட்டீஸ் அளவுக்கு இருந்தது. மூடிக்கொண்டார். வலது கையை நீட்டினார்.

ராத்திரிக் காற்று வேரோடு பிடுங்கிப் போட்ட கடல்புல், அவர் விரல்களில் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. அவர் விரல்களை மெல்லப் பின்னால் மடக்கினார். புல் வழுக்கி மணலில் விழுந்தது.

ரெக்ஸ்லின் பார்த்தாள். இறக்கையை வாங்கி முடுக்கினாள். தீப்பெட்டியை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள்.

*

முதலில் ஆளாகத் தெரிந்தாள். பிறகு பாயாக. பிறகு ஒரு புள்ளியாக.

கரையில் வலை காய வைப்பவர்கள், ஐஸ் வண்டிக்காரர், நெத்திலிக்காரி எல்லோரும் வந்து நின்றார்கள். குணவதி அடுப்பில் பாத்திரத்தை ஏற்றித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கண் புள்ளியை விடவில்லை. புள்ளி மணல்திட்டை நெருங்கியது. புல் அதிகம் கிடக்கிற இடம் அதுதான்.

அப்போது ரோட்டில் பஸ் நின்றது.

குடையோடு ஒரு அம்மாள் இறங்கினாள். நேரே அவரிடம் வந்தாள்.

“இங்க யாரு பொறுப்பு?”

“அவங்க கடல்ல இருக்காங்கம்மா.”

“அப்ப நீங்க கேளுங்க. நான் முப்பது வருசம் கணக்கு டீச்சர். முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ரிட்டயர்டு ஆன அன்னைக்கு எனக்கு ஒரு கடிகாரம் குடுத்தாங்க. இனிமே எனக்கு நேரம் பாத்து என்ன ஆகப்போகுது? ரெண்டாவது, என் மருமக…”

புள்ளி திரும்பிவிட்டதா? கோட்டைச்சாமி எட்டிப் பார்த்தார்.

“சார். கடல அப்புறம் பாக்கலாம். நான் பேசிக்கிட்டிருக்கேன்.”

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். குடையை மணலில் ஊன்றி, உடம்பு முழுக்க அதன் மேல் சாய்ந்திருந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஸ்டூலைத் துண்டால் துடைத்து அவளுக்குப் போட்டார்.

“ரெண்டாவது, உங்க மருமக. சொல்லுங்க.”

அவள் சொன்னாள். மூன்றாவதும் சொன்னாள். நாலாவது நீளமாக இருந்தது. அவர் ஒன்றையும் வெட்டவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ “வந்துட்டாங்க!” என்றார்கள். ஈரக் காலடிகள் மணலில் ஓடின. ஒரு குச்சி உரசுகிற சத்தம், உடைந்தது. இன்னொரு குச்சி.

சர்ரென்று பற்றியது.

“சாட்சி உண்டா?” என்றாள் ரெக்ஸ்லின்.

“உண்டு!” என்றது கரை.

“உப்பளம் சாத்தையா மகன் கோட்டைச்சாமி!”

“அஞ்சாவது,” என்றாள் கணக்கு டீச்சர், “பஸ்ல இருந்து பாத்தேன். அந்தப் பொண்ணு தண்ணி மேல…”

“தெரியும்மா,” என்றார் கோட்டைச்சாமி. “எடை எவ்வளவு?”

“உப்பளம் சாத்தையா மகன் கோட்டைச்சாமி!”

பரக்கத்துல்லா ஓடி வந்து அவர் தோளை உலுக்கினார். “ஐயா, உங்களத்தான் வாசிக்கிறாங்க!”

“இருங்க தம்பி. அம்மா இன்னும் எடையே சொல்லல.”

ரெக்ஸ்லினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஐஸ் வண்டிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கையைக் குவித்து வாயில் வைத்தாள். அடுப்பு எரிந்தது. ஆண்கடல் கேட்டது, பெண்கடல் கேட்டது, ரோட்டில் புறப்பட இருந்த பஸ்ஸும் நின்று கேட்டது.

“மூணாந்தரம், சாட்சிகள் முன்னால! உப்பளம் சாத்தையா மகன் கோட்டைச்சாமி!”